தகடு சொல்வதும் குழல் சொல்வதும்

வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் ரைஃபிள் கட்டையில் ஒரு வெள்ளித் தகடு உண்டு. 1907-ல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் சர் ஜே. பி. ஹியூவெட் அளித்தது என்று அதில் பொறித்திருக்கிறது. படிப்பவர்கள் அந்தப் புலியைச் சுட்டதே இந்தத் துப்பாக்கிதான் என்று எண்ணிவிடுகிறார்கள். இல்லை, இது புலி செத்த பிறகு வந்த பரிசு.

436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் அந்தப் புலியைக் கார்பெட் சுட்டது .500 ரைஃபிளால். கொண்டுபோயிருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்துவிட, ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். அதன் குழலுக்கும் பின்பகுதிக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. சுட்டால் கண் போகலாம் என்று தெரிந்தே சுட்டார். பின்னர் நைனிடால் தர்பாரில் அந்தத் தாசில்தாருக்கும் ஒரு துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது.

பழைய பிரிட்டிஷ் வேட்டைத் துப்பாக்கியின் வயதை அறிய, பரிசுத் தகட்டை விட்டுவிட்டுக் குழலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அங்கே சோதனை முத்திரை இருக்கும். அளவுக்கு மீறிய மருந்தை வைத்துச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் அந்த முத்திரை விழும். இப்படிச் சோதிக்கும் லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கத்துக்கு 1637-லேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது; பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் வந்தது. முத்திரைகள் அவ்வப்போது மாறியிருக்கின்றன. கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த செங்கோல்களும் ஆங்கில எழுத்துகளும் கொண்ட பர்மிங்காம் முத்திரை 1904-ல் மாற்றப்பட்டது. அது இருக்கும் துப்பாக்கி அதற்கு முந்தையது என்று தயங்காமல் சொல்லலாம்.

அடுத்தது முகவரி. எடுத்துக்காட்டாக, டப்ளினில் பிறந்த ரிக்பி துப்பாக்கி நிறுவனம் லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் தெரு 72-ம் எண்ணில் கடை நடத்தியது. பிற்பாடு சாக்வில் தெருவுக்கு மாறியது. ஆகவே கடையின் பெயரோடு தெருப் பெயரையும் படிக்க வேண்டும். அதன் பிறகு வரிசை எண்ணைக் கடையின் பழைய பேரேட்டோடு ஒப்பிட வேண்டும். தகடு புகழுக்காக எழுதப்படுவது, பேரேடு காசுக்குக் கணக்கு வைப்பது. நான் நம்புவது பேரேட்டைத்தான்.

கார்பெட்டின் ரைஃபிளை அப்படித் தேடினால், அதன் இயங்குபகுதி ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃபில் மவுசர் தொழிற்சாலையில் செய்தது என்று தெரியவரும். அதைக் கொண்டு லண்டனில் ரைஃபிளை முடித்தவர்கள் ரிக்பி. அவர்கள் .275 என்று அழைத்த தோட்டா, மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவேதான். 1907-ல் இந்த ரைஃபிள் கல்கத்தா மான்டன் கடைக்கு விற்பனையாகி, அங்கிருந்து ஹியூவெட் வழியாகக் கார்பெட்டிடம் வந்தது.

அது உண்மையில் பேர் வாங்கியது 1926 மே மாதம். ருத்ரபிரயாகையில் ஆட்கொல்லிச் சிறுத்தைக்கு இரையாகக் கட்டியிருந்த ஆட்டுக்கிடாயின் மணி ஒலித்ததும் கார்பெட் ரைஃபிளில் பொருத்திய டார்ச்சை அழுத்தினார். சிறுத்தையின் தோள் தெரிந்தது, விசையை இழுத்தார், டார்ச் அணைந்துவிட்டது. ஊரையே எட்டு ஆண்டுகள் நடுங்கவைத்த சிறுத்தை அத்தோடு தீர்ந்தது. தகட்டில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1947-ல் கார்பெட் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார்; 1955-ல் நியேரியில் காலமானார். அதன் பிறகு ரைஃபிள் அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்போர்ட் யுனிவர்சிட்டி பிரஸ்ஸிடம் இருந்தது. 2015-ல் ரிக்பி நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு இந்தியாவுக்கும் ஒருமுறை கொண்டுவந்தது.