ஹுக்பலஹாப்: ஜப்பானை எதிர்த்தவர்களுக்குக் கிடைத்த பரிசு

பிலிப்பைன்ஸை ஜப்பானிடமிருந்து மீட்டது யாருன்னு கேட்டா, உடனே வர்ற பதில் ஜெனரல் மெக்ஆர்தர். திரும்பி வருவேன்னு சொல்லிட்டுப் போனவர், 1944 அக்டோபரில் லெய்ட்டே கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வரும் போட்டோ உலகப் பிரசித்தம். சரி, அவர் இல்லாத அந்த இரண்டரை வருஷம் உள்ளே இருந்து சண்டை போட்டது யார்?

பல கெரில்லா குழுக்கள் இருந்தன. அதில் ஒன்றுதான் ஹுக்பலஹாப். ‘ஜப்பானுக்கு எதிரான மக்கள் படை’ என்று அர்த்தம். மெக்ஆர்தர் கிளம்பி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 1942 மார்ச் 29 அன்று மத்திய லூசானில் ஆரம்பித்தார்கள். தலைவர் லூயிஸ் தாருக். படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் குத்தகை விவசாயிகள். அறுவடையில் பாதியை நிலச்சுவான்தாருக்கு அளந்துவிட்டு, மீதியை வட்டிக்கடனுக்குக் கொடுத்துப் பழகியவர்கள்.

பெண்களும் துப்பாக்கி தூக்கினார்கள். ரெமெடியோஸ் கோமஸ் என்ற பெண் பம்பாங்கா மாகாணத்தைச் சேர்ந்தவர். அப்பாவை ஜப்பானியர்கள் கொன்றுவிட, மகள் படையில் சேர்ந்து ‘கமாண்டர் லிவாய்வாய்’ ஆனார். லிவாய்வாய்னா விடியல். சண்டைக்குப் போகும்போது லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டுதான் போவாராம்!

இவர்களின் முக்கியமான வேலை என்ன தெரியுமா? நெல்லைக் காப்பாற்றுவது. லூசானின் நெற்களஞ்சியமே அந்தப் பகுதிதான். அங்கே விளைந்ததை ஜப்பான் ராணுவம் அள்ளிக்கொண்டு போகாமல் தடுத்தார்கள். நிலச்சுவான்தார்கள் பலர் மணிலாவுக்கு ஓடிவிட்டதால், விளைந்த நெல் உழுதவன் வீட்டிலேயே தங்கியது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் விதை இதுதான்.

ஹுக்குகள் அப்பழுக்கற்றவர்கள்னு சொல்ல வரலை. தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சியின் செல்வாக்கு இருந்தது. ஜப்பானுக்கு ஒத்துழைத்த உள்ளூர்க்காரர்களையும் கொன்றார்கள்.

ஆனால் 1945ல் நடந்ததைப் பாருங்க. பிப்ரவரியில் மலோலோஸ் ஊரில் ஹுக்குகளின் 77வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த 109 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கொன்றது ஜப்பான் இல்லை. அமெரிக்க ஆதரவு பெற்ற இன்னொரு கெரில்லா குழு! அதன் தலைவருக்கு அதே ஊரில் மேயர் பதவி. தாருக்கைப் பிடித்து இவாஹிக் சிறையில் போட்டார்கள். மணிலாவிலிருந்து திரும்பிய நிலச்சுவான்தார்களில் போர்க்கால வருஷங்களுக்கும் சேர்த்துக் குத்தகை கேட்டவர்கள் உண்டு.

ஜப்பான் ஆதரவு அரசில் பொறுப்பு வகித்த மனுவேல் ரோக்சாஸ் என்ன ஆனார்? ரகசியமாக எதிர்ப்புக் குழுக்களுக்கு உதவினார் என்றார்கள். மெக்ஆர்தர் அவரை விடுவித்தார். 1946ல் ஜனாதிபதியே ஆகிவிட்டார். அதே வருஷத் தேர்தலில் ஜெயித்த தாருக்குக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் நாடாளுமன்றத்தில் உட்கார இடம் தரவில்லை. அமெரிக்கர்களுக்குச் சம உரிமை தரும் வர்த்தகச் சட்டத்துக்கு அவர்களின் எதிர் ஓட்டு இடைஞ்சல்.

அப்புறம் என்ன, புதைத்த துப்பாக்கி மறுபடி வெளியே வந்தது. 1954ல் தாருக் சரணடையும்வரை கலகம் ஓடியது. வரலாற்றில் அவர்கள் பெயர் ‘கலகக்காரர்கள்’ என்றே பதிந்துபோனது. ஜப்பானை எதிர்த்த அந்த மூன்று வருஷம் காணாமலே போச்சு.

யார் தியாகி, யார் கலகக்காரன் என்பதை சண்டை போட்டவன் முடிவு செய்வதில்லை. சண்டை முடிந்தபின் நாற்காலியில் உட்கார்ந்தவன்தான் முடிவு செய்கிறான். நீங்க என்ன நினைக்கிறீங்க?