கட்டுமரமும் சங்காடமும்

சென்னையின் தெற்கே இருக்கும் எங்கள் கோவிலம்பாக்கத்துக்கும் கடலுக்கும் நடுவே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், துரைப்பாக்கம், பக்கிங்காம் கால்வாய் எல்லாம் கிடக்கின்றன. ஆனாலும் ஊர்ப்பெயரின் வாலில் இருக்கும் ‘பாக்கம்’ கடலோரத்துச் சொல். நெய்தல் நிலத்து ஊர்களுக்குப் பாக்கம், பட்டினம் என்று பெயர் என்பது பழைய இலக்கண மரபு. பிற்பாடு அது உள்நாட்டு ஏரிக்கரைகளுக்கும் ஏறி நுங்கம்பாக்கம் வரை போய்விட்டது. கோவிலம்பாக்கத்திலிருந்து கடல் ஒன்றும் பெரிய தூரமில்லை. ரேடியல் சாலையில் கிழக்கே போய் நீலாங்கரைக் குப்பத்து மணலில் இறங்கினால், உலகத்தையே சுற்றி வந்த ஒரு சொல் அங்கே இருக்கிறது.

கட்டுமரம் என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. கட்டிய மரம், அவ்வளவுதான். கடற்கரையில் ‘கட்டு’ என்பதைக்கூட விட்டுவிட்டு ‘மரம்’ என்றே சொல்வார்கள்: மரத்தில் போனான், மரத்தைத் தள்ளு. சங்கப் பாட்டில் பரதவர் ஏறுவது திமில். அம்பி, தோணி, பஃறி, நாவாய், வங்கம் என்று வேறு பெயர்களும் உண்டு. அந்தப் பட்டியலில் பாதி இன்று பாடப்புத்தகத்தில்தான் மிதக்கிறது. புலவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத கட்டுமரம்தான் பிழைத்துக் கிடந்தது.

வெளியூர்க்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1583இல் வெனிஸ் நகரத்து நகை வியாபாரி காஸ்பரோ பால்பி, மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் பார்த்ததை எழுதி வைத்தார். ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள், அவற்றில் ஐந்து அடிப்பகுதியில், நடுமரம் மற்றவற்றைவிட நீளம், அது தண்ணீரைக் கிழித்துப் போகிறது. அவர் காதில் விழுந்த பெயர் ‘கத்தமெரோனி’. பிற்பாடு வந்தவர் ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர். 1697இல் வெளியான அவருடைய பயணநூலில் ஓரிரு மரங்களாலான சிறு கட்டுமரம் வருகிறது. அதில் போகிறவனுக்கு இடுப்புக்குக் கீழே எப்போதும் ஈரம்தான் என்கிறார். ஆங்கிலத்துக்குள் ‘கேட்டமரான்’ நுழைந்தது இப்படிப்பட்ட பயணக்குறிப்புகள் வழியாகத்தான்.

இந்த ஈரத்தில்தான் கட்டுமரத்தின் சூட்சுமமே இருக்கிறது. அதற்கு உள் என்று ஒன்று இல்லை; அலை மேலேறினால் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. இயற்கைத் துறைமுகம் அரிதான சோழமண்டலக் கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்ட இதைவிடப் பொருத்தமான கலம் கிடையாது. மரம் இலேசாக இருக்க வேண்டும். தணக்கு மாதிரியான மரங்களை அதற்காகத் தேடினார்கள். வாச்சியால் செதுக்கும்போதே எது நடுமரம், எது பக்கமரம் என்பது முடிவாகிவிடும். வளைவை வைத்துத்தான் இடம். ஆணி கிடையாது. முன்னும் பின்னும் கயிற்றுக்கட்டு, பிளந்த மூங்கிலே துடுப்பு.

நனைந்த மரம் கனத்துப்போகும். அதனால் கரையேறியதும் பல இடங்களில் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மறுபடி போகும்போது மறுபடி கட்டு. பல நாடுகளில் படகு கட்டுகிறவன் ஒருவன், ஓட்டுகிறவன் வேறொருவன். இங்கே மீன்பிடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் படகைப் புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதால், கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் எல்லாம் படகு கட்டக் கற்றுக்கொண்டான். இன்று பணம் கட்டிச் சேர்கிற எந்தப் பயிற்சி வகுப்பிலும் இத்தனை முறை அவிழ்த்துக் கட்ட விடமாட்டார்கள். பிறகு கட்டுமரத்துக்கு மாற்று வந்தது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய, சிறு மீனவர்களுக்கான வங்காள விரிகுடாத் திட்டம் கண்ணாடியிழைப் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு அவை கரையெங்கும் நிறைந்தன. ஃபைபர் போட் வேகமானது, எஞ்சின் தாங்கும், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது அச்சிலிருந்து முழுசாக இறங்கி வருகிறது. அவிழ்க்க அதில் எதுவும் இல்லை.

சொல்லின் கதைக்கு வருவோம். ஆங்கிலத்தில் கேட்டமரான் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1804இல் நெப்போலியனின் கப்பல்களைத் தகர்க்க அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் பிரிட்டனுக்குச் செய்து தந்த மிதக்கும் வெடிபெட்டிகளுக்கு அந்தப் பெயர். சண்டைக்காரப் பெண்ணுக்கும் அதையே சொன்னார்கள், பாவம். 1876இல் அமெரிக்காவின் நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற பாய்மரப் படகைக் கட்டினார். இணையாக இரண்டு உடல்கள், நடுவே பாலம். பந்தயத்தில் மற்றவர்களைத் தோற்கடித்ததால் அதற்குத் தடையே விழுந்தது. அன்றுமுதல் இரட்டை உடல் கொண்ட எதுவும் கேட்டமரான். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துப் பொறியாளரிடம் கேட்டாலும் அந்தப் பொருளைத்தான் சொல்வார்.

இரண்டு ஓடங்களை இணைத்து மேலே பலகை போட்ட கலம் நம்மிடம் இல்லாததல்ல. அதன் பெயர் சங்காடம்; மலையாளத்தில் சங்ஙாடம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிகாட்டி நூல், நம் கிழக்குக் கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்ற பெரிய கலத்தைக் குறிப்பிடுகிறது. இரண்டும் ஒன்றே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. வடமொழியில் ‘சங்காட’ என்றால் மரங்களைப் பொருத்தி இணைப்பது. வேர் அதுதான் என்றால், கட்டுமரத்துக்கும் சங்காடத்துக்கும் அடிப்பொருள் ஒன்றே.

போர்ச்சுகீசியர் சங்காடத்தை ‘ஜங்கதா’ ஆக்கி பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது எதில் என்று நினைக்கிறீர்கள்? இலேசான மரத்துண்டுகளை இணைத்து, பாய் ஏற்றி, மீனவர்கள் அலையைத் தாண்டிப் போகும் மிதவையில், அதாவது அசல் கட்டுமரத்தில்! 1941இல் நான்கு பிரேசில் மீனவர்கள் தங்களுக்குத் தொழிலாளர் உரிமை கேட்டு ஃபோர்த்தலேசாவிலிருந்து ரியோ வரை அதில் 61 நாள் பயணம் போனார்கள். அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அந்தக் கதையைப் படமெடுக்கப் போனார், படம் அவர் காலத்தில் முடியவில்லை.

ஆக, நம் கட்டுமரத்தின் பெயரை அமெரிக்காவில் சங்காடம் வைத்திருக்கிறது. சங்காடத்தின் பெயரை பிரேசிலில் கட்டுமரம் வைத்திருக்கிறது. தமிழில் கேட்டமரானுக்குக் கலைச்சொல் தேடுகிறவர்கள் ‘இரட்டை உடற்படகு’ என்று புதிதாகச் செதுக்க வேண்டியதில்லை, சங்காடம் சும்மாதான் கிடக்கிறது. சங்கடம் என்று காதில் விழும் என்பது ஒன்றுதான் சங்கடம். மலையாளிகளுக்கு அந்தக் கவலை இல்லை. கொச்சியில் ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே கார்களையும் ஸ்கூட்டர்களையும் ஏற்றி இறக்கிய படகை அவர்கள் ‘ஜங்கார்’ என்றே கூப்பிட்டார்கள்.