கொம்பு இடம் மாறிய கதை

பெக்கோக் நிலையத்தில் நின்று இரயில் பாதையைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர். 1909ஆம் ஆண்டில் கிம்மாசுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே பாதை போட்டு முடித்தபோதும் அதே அகலம்தான். தாய்லாந்திலும் அதே அகலம் என்பதால், வண்டி எல்லையைத் தாண்டிப் போக முடிகிறது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் அப்படி இல்லை. அங்கே அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். மீட்டர் பாதை ஆயிரம். இரண்டும் கூடும் சந்திப்பில் சரக்கையெல்லாம் இறக்கி, மூட்டை மூட்டையாக வேறு பெட்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றி இறக்குவதில் மூட்டை கிழியும். சில வேளை காணாமலும் போகும்.

தமிழ் எழுத்து கணினிக்குள் போனபோது அதற்கும் இந்தத் தொல்லைதான் நேர்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பெக்கோக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். 'அப்பாவுக்கு மருந்து கொடு' என்று கைப்பேசியில் அம்மாவுக்கு எழுதி அனுப்புகிறாள். அம்மாவிடம் இருப்பது வேறொரு நிறுவனத்தின் பழைய கைப்பேசி. அதில் 'கொடு' என்ற சொல்லில் இருக்கும் கொம்பு, ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. அல்லது எழுத்தே இல்லாமல் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்து நிற்கிறது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிழையில்லாமல் வாசிக்கத் தெரிந்த தாய், தனக்குப் படிப்பு மறந்துவிட்டதோ என்று எண்ணுகிறாள். பழுது அவள் படிப்பில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை பல வீடுகளில் நடந்ததுதான் இது.

ஏன் இப்படி? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இந்தப் பக்கம் வந்து சிங்கப்பூரில் பணிபுரிந்தவர். தமிழுக்கு எழுத்துகள் 247. பொறியிலோ சில பத்து விசைகளே உண்டு. ஆகவே எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை. புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. அடுத்து 'க' தட்டினால் அது புள்ளிக்கு அடியில் வந்து சேர்ந்து 'க்' ஆகும். 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். கண் காணும் வரிசை எதுவோ, அதுவே கை தட்டும் வரிசை.

கணினி அப்படியில்லை. அதற்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று யாராவது ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். 1980களில் தமிழுக்கு அந்த ஏற்பாட்டை அவரவர் தம் போக்கில் செய்தார்கள். நம் நாட்டில், தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' என்ற எழுத்துச் செயலியைத் தொடங்கினார். கனடா, சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, தமிழ்நாடு என்று தமிழர் இருந்த இடமெல்லாம் இத்தகைய முயற்சிகள் நடந்தன. குற்றம் சொல்வதற்கில்லை, அரசாங்கங்கள் கை வைக்காத வேலையைத் தனி மனிதர்கள் செய்தார்கள். ஆனால் ஒருவர் ககரத்துக்குக் கொடுத்த எண்ணை மற்றவர் மகரத்துக்குக் கொடுத்திருப்பார். கோலாலம்பூரில் தட்டிய கட்டுரையைச் சென்னைக்கு அனுப்பினால், அதே எழுத்துரு அங்கே இல்லாவிட்டால், வருவது வெறும் குப்பை. அகலம் மாறும் சந்திப்பின் கதைதான்.

சிங்கப்பூரில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி 1995இல் இணையத்தில் தமிழ்ப் பக்கத்தை ஏற்றிக் காட்டினார். 1997இல் சிங்கப்பூரிலேயே தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். எண்களை ஒன்றாக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே வலுத்தது. 1999இல் சென்னை மாநாடு; அதையடுத்துத் தமிழ்நாடு அரசு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. அதே ஆண்டு கோவிந்தசாமி காலமானார். 2001இல் இந்த மாநாடு நம் கோலாலம்பூருக்கு வந்தது.

இதற்கிடையில் உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே எண் வரிசை என்ற ஏற்பாடு 1991இல் வெளியாகியிருந்தது. யூனிகோட் என்பார்கள், தமிழில் ஒருங்குறி. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரவில்லையே என்று நம் அறிஞர்கள் பலர் வருந்தினார்கள். அந்த வழக்கு நீண்ட காலம் நடந்தது. தமிழ்நாடு அரசு 2010இல்தான் ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது.

இங்கேதான் கொம்பு இடம் மாறியது. ஒருங்குறி காது கேட்கும் வரிசையில் எழுத்தை வைக்கிறது. 'கெ' என்றால் முதலில் க, பிறகுதான் எகரக் குறி. தட்டச்சுப் பொறியில் முன்னால் இருந்த கொம்பு, கணினியின் நினைவில் பின்னால் போய்விட்டது. அதைத் திரையில் மறுபடியும் முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஒரு வேலையாள் வேண்டும். அந்த வேலையாள்தான் ஒரு நிரல், அதாவது கணினிக்கு எழுதி வைத்த வேலைக் குறிப்பு. அது இல்லாத கைப்பேசியில்தான் நம் தாய் கண்ட கோலம் வருகிறது. 'கட்டமாக வருவது' வேறு நோய்; அங்கே தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள்.

இந்த வேலையாளை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக வைத்திருந்தது. கணினியின் மற்ற வேலைகளையெல்லாம் பங்கிட்டு ஆளும் பெரிய கிராணி ஒருவர் உள்ளே இருக்கிறார். அவரை இயங்குதளம் என்பார்கள். விண்டோஸ் ஒரு கிராணி, மேக் ஒரு கிராணி, லினக்ஸ் ஒரு கிராணி. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 2000இல் தமிழுக்கு 'லதா' என்ற எழுத்துருவைச் சேர்த்தது. கொம்பைத் திருப்பி நிறுத்தும் நிரலையும் தானே எழுதிக்கொண்டது. ஆப்பிள் தனக்கு ஒன்று வைத்துக்கொண்டது. லினக்ஸ் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரே மூலத்தை இரண்டு படியாக எடுத்து, ஆளுக்கொரு திசையில் திருத்தினார்கள். ஒன்றில் தீர்ந்த பிழை மற்றொன்றில் அப்படியே கிடந்தது.

இந்த இரண்டு படிகளையும் ஒன்றாக்க முனைந்தவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், ஈரானில் பிறந்தவர். பிறகு முழுவதையும் புதிதாகவே எழுதினார். அந்த நிரல் தொகுதிக்கு 'ஹார்ஃப்பஸ்' என்று பெயர். அது திறந்த மூலம்: யாரும் எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம்; காசு இல்லை. நம் தோட்டத்துக் கோயிலில் கல்யாணச் சமையலுக்கு அண்டா இருக்கிறதே, அதைப்போல. எல்லா லயத்து வீட்டுக்கும் அது பொது. ஓட்டை விழுந்தால் எல்லார் வீட்டுச் சமையலும் கெடும். ஒருவர் அடைத்துக் கொடுத்தால் எல்லாருக்கும் நலம்.

ஆனால் பொது அண்டா எல்லா அடுப்பிலும் உட்கார வேண்டுமே! அங்கேதான் பாடு. புதிய நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, 2010களின் தொடக்கத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சொற்களை அதில் ஓட்டி, விண்டோஸ் காட்டும் உருவத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொல் மட்டும் ஒத்துவரவில்லை என்று கணக்கு எழுதி வைத்தார்கள். பால் நிறுத்தும்போது ஒரு கோப்பைக்குக்கூடக் கணக்குக் கேட்கும் கிராணி நினைவுக்கு வருகிறார்.

பிறகு ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு கைப்பேசி எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. லிப்ரே ஆபீஸ் என்று விலையில்லாத எழுத்துச் செயலி ஒன்று உண்டு. 2017 வரை அது விண்டோஸில் விண்டோஸின் வேலையாளையும், மேக்கில் மேக்கின் வேலையாளையும் கூப்பிட்டது. ஒரே கடிதம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வரி மடங்கும். அந்த ஆண்டு வந்த 5.3ஆம் பதிப்பிலிருந்து எல்லாத் தளத்திலும் ஹார்ஃப்பஸ் ஒன்றே.

கொம்பு தீர்ந்தாலும் கிராணிகளின் சண்டை தீரவில்லை. தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்தால் வண்டியை வலப்பக்கம் தள்ள வேண்டும், தாளையும் ஒரு வரி மேலே ஏற்ற வேண்டும், இரண்டு வேலை. விண்டோஸ் இன்றும் வரி முடிவுக்கு அந்த இரண்டு குறியையும் வைக்கிறது. லினக்ஸ் ஒரு குறியோடு விட்டுவிடுகிறது. முத்தையா காலத்துப் பொறியின் பழக்கம் இன்றைய கணினிக்குள் குடியிருப்பது வேடிக்கைதான். இன்னொன்று: 'கொ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக வைக்கலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்று. அல்லது க-வோடு கொம்பு, கால் என இரண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கோப்புக்கு 'கொய்யா' என்று பெயர் வைத்தால், மேக் பல காலம் அதைப் பிரித்தே எழுதி வைத்தது. விண்டோஸ் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோய்த் தேடினால், எதிரில் இருக்கும் கோப்பு 'இல்லை' என்று வரலாம்.

'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதல் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். கணினி ஐந்து என்று சொல்லும். புள்ளியையும் காலையும் தனியாக எண்ணுகிறது. இதைச் சரிசெய்ய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் 'ஓப்பன் தமிழ்' என்ற திறந்த மூலத் தொகுதியை எழுதினார்கள். பைத்தான் என்ற கணினி மொழி எங்கே ஓடுகிறதோ, அங்கெல்லாம் அது ஓடும். மூன்று கிராணியிடமும் அதே மூன்று என்ற விடை வரும்.

எஞ்சியிருப்பது பழைய சரக்கு. 1990களில் சங்கங்களும் பள்ளிகளும் பழைய எழுத்துருக்களில் தட்டி நெகிழ்வட்டுகளில் வைத்த மலர்களும் உறுப்பினர் பட்டியல்களும் இன்னும் பெட்டிகளில் கிடக்கலாம். எந்த எழுத்துரு என்று தெரிந்தால், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் திறந்த மூல நிரல்களும் இன்று உண்டு. தெரியாவிட்டால், தட்டியவரைத் தேடித்தான் கேட்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அதன்மேல் எழுத்துருவின் பெயரை ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள்.