கோழித் தீனியில் மிளகாய்

வன்னிப் பெருநிலப்பரப்பில் (கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்கள்) மிளகாய்ச் செய்கையும் ஊர்க்கோழி வளர்ப்பும் அடுத்தடுத்தே நடப்பவை. வேலி இடைவெளியால் தோட்டத்துக்குள் நுழையும் கோழி, பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்னும், கொச்சிக்காயையும் விடாது. அதற்கு உறைப்பதில்லை.

மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின், பாலூட்டிகளின் நரம்பு முனைகளிலுள்ள டிஆர்பிவி1 என்னும் புரதத்தைத் தூண்டுகிறது. அது சூட்டை உணரும் புரதம் என்பதாலேயே நமக்கு வாய் எரிகிறது. அதன் மரபணுவை 1997இல் டேவிட் ஜூலியசின் ஆய்வுக்குழு இனங்கண்டது. 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற இருவரில் அவர் ஒருவர். கோழியின் டிஆர்பிவி1 சூட்டை உணர்ந்தாலும் கப்சைசினுக்கு அசைவதில்லை என்பதை அதே குழு 2002இல் காட்டியது. பாலூட்டிக்கு உறைத்து, பறவைக்கு உறைக்காதிருப்பது மிளகாய்ச் செடிக்கு வாய்ப்பானது. எலி விதையைக் கடித்து நொறுக்கிவிடும். கொண்டைக்குருவி போன்றவை பழத்தை விழுங்கி விதையை முழுதாக எச்சத்தில் விடும். வேலியோரத்தில் யாரும் நடாமல் கொச்சிக் கன்று முளைப்பது இப்படித்தான்.

மிளகாயைத் தீனியாகக் கொடுப்பதன் பயன் மஞ்சட்கருவில் தெரியும். நெல் விளையும் வன்னியில் வீட்டுக் கோழிக்கு எளிதில் கிடைப்பது தவிடும் குறுணலும். இவற்றில் கருவுக்கு நிறம் தரும் பொருள் மிகக் குறைவு; அடைத்து வளர்த்தால் கரு வெளிறிவிடும். சிவந்த மிளகாயிலுள்ள கப்சாந்தின் அதைச் செம்மஞ்சளாக்கும். தீனி ஆலைகள் மிளகாய் வகைகளின் சாற்றைச் சேர்ப்பதும் இதற்காகவே. புல்லும் கீரையும் மேய்ந்து திரியும் கோழிக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை. கரு சிவந்தால் முட்டையின் புரதச்சத்து கூடிவிடாது. முட்டை உறைக்கவும் செய்யாது.

மிளகாயை நோய்க்கு மருந்தாக நம்புவது ஆபத்தானது. இராணிக்கெட் ஒரு வைரசு நோய். கூடு முழுவதையும் சில நாட்களில் வெறுமையாக்கக் கூடியது. அதற்கு முதன்மையான காப்பு, காலம் தவறாமல் போடும் தடுப்பூசியே. அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் இதைக் கேட்டறியலாம்.

விற்க முடியாத மிளகாயைக் கோழிக்குக் கொட்டும் வழக்கத்திலும் கவனம் வேண்டும். இலைச்சுருளுக்குக் காரணமான பூச்சிகளுக்கு எதிராக மிளகாய்த் தோட்டத்தில் அடிக்கடி மருந்து அடிக்கப்படுகிறது; போத்தலில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியாத காய் கோழிக்கும் ஆகாது. படங்கில் காயும்போது மழையில் நனைந்த செத்தலில் பூஞ்சணம் பிடித்தால், கோழியின் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடொக்சின் உண்டாகலாம். அத்தகைய செத்தலைத் தீனியில் கலக்காமல் புதைத்துவிடுங்கள்.