லூயி கானின் தொடக்ககாலப் பணி: வேலையின்மையும் பொது வீட்டுவசதியும்

முன்னுரை

நவீனக் கட்டடக்கலை வரலாற்றில் லூயி கான் (1901–1974) காலந்தாழ்ந்து புகழ்பெற்றவராகவே சுட்டப்பெறுகிறார். அவருக்குப் பெயர் ஈட்டித் தந்த யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் 1953இல் நிறைவுற்றபோது அவர் ஐம்பது அகவையைக் கடந்திருந்தார். அதற்கு முந்தைய இருபதாண்டுகளை வெறும் காத்திருப்பாகக் கருதுவது பொருந்தாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பெருமந்தமும் ஆய்வுக்குழுவும்

எஸ்தோனியாவில் பிறந்த கான், சிறுவயதிலேயே குடும்பத்துடன் பிலடெல்பியாவில் குடியேறினார். ஊமைப்படக் கொட்டகைகளில் பியானோ வாசித்துப் பொருளீட்டியவாறே பயின்று, 1924இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பொருளாதாரப் பெருமந்தம் கட்டுமானத் தொழிலை முடக்கியதால் 1932இல் வேலையிழந்தார். அவ்வாண்டே வேலையற்ற கட்டடக்கலைஞர், வரைவாளர் ஏறத்தாழ 30 பேரைத் திரட்டி, டொமினிக் பெர்னிங்கருடன் இணைந்து கட்டடக்கலை ஆய்வுக்குழு ஒன்றை அமைத்தார். குடிசைப்பகுதி மேம்பாடும் குறைந்த செலவிலான வீடுகளும் அக்குழுவின் ஆய்வுப்பொருள்களாயின. ஆயினும் 1934இல் குழு கலைந்தது. இக்காலத்தில் மனைவி எஸ்தரின் ஊதியமே குடும்பத்தைத் தாங்கியது.

பொது வீட்டுவசதித் திட்டங்கள்

குழுவில் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. நியூ ஜெர்சியில் ஆடைத் தொழிலாளர்க்கென அரசு அமைத்த ஜெர்சி ஹோம்ஸ்டெட்ஸ் குடியிருப்பில் ஆல்பிரட் காஸ்ட்னருக்குத் துணையாகப் பணியாற்றினார். போர்க்காலத்தில் ஜார்ஜ் ஹவ், ஆஸ்கர் ஸ்டோனோரோவ் ஆகியோருடன் இணைந்து, கோட்ஸ்வில் நகரின் கறுப்பின எஃகாலைத் தொழிலாளர்க்காகக் கார்வர் கோர்ட் என்னும் 100 வீடுகள் கொண்ட குடியிருப்பை வடிவமைத்தார். அங்குப் பல வீடுகளில் வாழுமிடம் மேல்தளத்திலும், ஊர்தி நிறுத்துமிடமும் பொருள் வைப்பறையும் தரைத்தளத்திலும் அமைந்தன. 1943, 1944ஆம் ஆண்டுகளில் ஸ்டோனோரோவும் அவரும் பொதுமக்களுக்காக நகரத் திட்டமிடல் குறித்த இரு கையேடுகளை வெளியிட்டனர்.

முடிவுரை

பயன்கொள்ளும் இடம், பணிபுரியும் இடம் என்னும் பாகுபாடு கானின் பிற்காலக் கோட்பாடாக அறியப்படுகிறது. யேல் கலைக்கூடத்தில் காற்றுக்குழாய்களையும் விளக்குகளையும் தன்னுள் ஏற்ற நான்முகிக் கான்கிரீட் கூரை அதன் முதிர்ந்த வடிவங்களுள் ஒன்று. கார்வர் கோர்ட்டின் தளப்பகுப்பில் அதன் முன்னோட்டத்தைக் காண இடமுண்டு. எனினும் வறுமையே கலைஞனை உருவாக்கியது எனப் போற்றுவது பிழையாகும். கூட்டாளிகளின் உழைப்பும் எஸ்தரின் ஊதியமும் இல்லையெனில் அவ்விருபதாண்டுகளை அவர் கடந்திருக்க இயலாது. தனிமனித மேதைமையை மட்டும் முன்னிறுத்தும் வரலாறு இவ்விரண்டையும் மறைத்துவிடுகிறது.