மூன்று முறை வரையப்பட்ட கோடு: நாராயணவனமும் சத்தியவேடு தொகுதியும்

நாராயணவனம்: திருப்பதி ஏழுமலையானுக்கும் பத்மாவதி தாயாருக்கும் திருமணம் நடைபெற்ற தலம் என்று போற்றப்படும் நாராயணவனம், ஆந்திரப் பிரதேச சட்டப்பேரவையின் சத்தியவேடு (தனி) தொகுதியில் அடங்கியது. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி செல்லும் தமிழகப் பக்தர்கள் பலர் இவ்வூரைக் கடந்துதான் செல்கின்றனர். ஆகாசராஜன் ஆண்ட தலைநகரம் என்ற தலபுராணமும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ள கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலும், அருகிலுள்ள கைலாசகோனை அருவியும் ஊருக்குப் பெயர் தந்தவை. ஆனால் தேர்தல் வரைபடத்தில் இந்த ஊரின் இடம் அத்தனை நிலையானதாக இருந்ததில்லை. மாநில எல்லை, தொகுதி எல்லை, மாவட்ட எல்லை என மூன்று கோடுகள் வெவ்வேறு காலங்களில் இப்பகுதியைச் சுற்றி மாற்றி வரையப்பட்டுள்ளன. நான்காவது முறையும் வரையப்படும் காலம் நெருங்கி வருகிறது.

ஏழு மண்டலங்கள்

நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு, வரதய்யபாளையம், புச்சிநாயுடு கண்டிகை, கே.வி.பி.புரம் ஆகிய ஏழு மண்டலங்கள் சேர்ந்ததே இன்றைய சத்தியவேடு தொகுதி. (தமிழகத்தின் வட்டம் போன்ற, ஆனால் அதைவிடச் சிறிய வருவாய்ப் பிரிவே ஆந்திரத்தின் மண்டலம்; என்.டி.ராமராவ் ஆட்சிக்காலத்தில் 1985இல் இம்முறை நடைமுறைக்கு வந்தது.) தொகுதியின் மேற்கு முனையில் நாராயணவனமும் கிழக்குப் பகுதியில் தலைமையிடமான சத்தியவேடும் உள்ளன. இடையில் நாகலாபுரம் மலைகள்.

இந்த மலைத்தொடரே தொகுதியை இரண்டு உலகங்களாகப் பிரிக்கிறது எனலாம். மேற்கே நாராயணவனத்து மக்களுக்குச் சந்தையும் பேருந்தும் ரயிலும் எல்லாம் சுமார் 5 கி.மீ. தொலைவிலுள்ள புத்தூர்தான்; எலும்பு முறிவுக்குப் ‘புத்தூர் கட்டு’ போடத் தமிழகத்திலிருந்து மக்கள் செல்லும் அதே புத்தூர். அதற்கு அப்பால் திருப்பதி. கிழக்கே சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் நிலை வேறு. அங்கு ஸ்ரீசிட்டி தொழில் நகரம் உருவான பிறகு விளைநிலங்களுக்கு நடுவே வாகன, குளிர்சாதன, ரயில் பெட்டித் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. சென்னை மெட்ரோவில் ஓடும் ரயில் பெட்டிகள் பல இங்குள்ள அல்ஸ்டாம் ஆலையில் தயாரானவை. ஒரே சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு முனையினர் கோயில் சாலையைப் பற்றியும், மறு முனையினர் தொழிற்சாலை வேலைவாய்ப்பைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது.

தொகுதியைத் தமிழகத்தோடு பிணைப்பது நீர். பிச்சாட்டூரில் ஆரணி ஆற்றின் குறுக்கே உள்ள நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 1.85 டி.எம்.சி. அது நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், சுருட்டப்பள்ளியைக் கடந்து வரும் வெள்ளம் திருவள்ளூர் மாவட்டத்தின் ஊத்துக்கோட்டையில் தரைப்பாலத்தை மூழ்கடித்து, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு பகுதியில் கடலை அடையும். வடகிழக்குப் பருவமழைக் காலங்களில் ‘பிச்சாட்டூர் அணை திறப்பு’ என்ற செய்தி திருவள்ளூர் மாவட்டத்தில் எச்சரிக்கை அறிவிப்பாகவே படிக்கப்படுகிறது. சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் கண்டலேறு - பூண்டி கால்வாயும் தொகுதியின் கிழக்குப் பகுதி வழியாகவே ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லைக்குள் நுழைகிறது.

சயனக் கோலத்தில் சிவபெருமான் காட்சியளிக்கும் சுருட்டப்பள்ளி பள்ளிகொண்டேஸ்வரர் கோயில், நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயில் ஆகியவையும் இத்தொகுதியில் உள்ளன. நாகலாபுரம் கோயிலைக் கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் நினைவாக எழுப்பியதாகக் கூறப்படுகிறது.

முதல் கோடு: 1960

வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதிகளைக் கொண்டு 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. நாராயணவனம் அம்மாவட்டத்தின் புத்தூர் தாலுகாவில் இருந்தது. அதே காலத்தில் சத்தியவேடு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதாவது, இன்று ஒரே தொகுதியாக உள்ள இவ்விரு ஊர்களும் அன்று வெவ்வேறு மாவட்டங்களைச் சேர்ந்தவை. இரண்டுமே சென்னை மாகாணத்துக்கு உட்பட்டவை.

பொட்டி ஸ்ரீராமுலுவின் உண்ணாவிரதமும் 1952 டிசம்பரில் அவரது மரணமும் தனி ஆந்திர மாநிலத்தை விரைவுபடுத்தின. 1953 அக்டோபர் 1இல் அம்மாநிலம் உதயமானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்க்கப்பட்டது. தமிழர் கணிசமாக வாழும் திருத்தணி, புத்தூர் பகுதிகளை விட்டுக்கொடுக்க முடியாது எனத் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. மா.பொ.சிவஞானம் தலைமையிலான தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார், கே.விநாயகம் போன்ற உள்ளூர்த் தலைவர்களும் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். இரு மாநிலங்களும் எச்.வி.படாஸ்கரை நடுவராக ஏற்றன. கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையினரின் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் அடிப்படையாக வைத்து அவர் பரிந்துரை அளித்தார். அதன்படி 1959இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சித்தூர் மாவட்டத்திலிருந்து 405 சதுர மைல் பரப்பு சென்னை மாநிலத்துக்குச் சென்றது. திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும் புத்தூர் தாலுகாவின் சில கிராமங்களும் அதில் அடங்கும். பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து 326 சதுர மைல் ஆந்திரத்துக்குக் கிடைத்தது. அவ்வாறு வந்த பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்களைக் கொண்டே சத்தியவேடு தாலுகா உருவானது. நாராயணவனம் ஆந்திரத்திலேயே தொடர்ந்தது. திருத்தணியை மீட்டதாகவே தமிழகத்தில் இந்நிகழ்வு நினைவுகூரப்படுகிறது. கைமாற்றாகச் சத்தியவேடு சென்றது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இந்த மாற்றத்தின் தேர்தல் விளைவு வியப்பூட்டுவது. 1952 பொதுத்தேர்தலில் நாராயணவனமும் சத்தியவேடும் சென்னை சட்டப்பேரவைக்கே வாக்களித்தன. 1955 பிப்ரவரியில் நாராயணவனம் ஆந்திர சட்டப்பேரவைக்கு வாக்களித்தது. சத்தியவேட்டில் அப்போது தேர்தல் இல்லை. 1957இல் சத்தியவேடு மீண்டும் சென்னைப் பேரவைக்கு வாக்களித்தது. ஆந்திரப் பகுதியில் 1955இல் தேர்வானவர்களே பேரவையில் தொடர்ந்ததால் நாராயணவனத்தார் அந்த ஆண்டு மக்களவைக்கு மட்டும் வாக்களித்தனர். 1962இல்தான் இரு ஊர்களும் ஒரே பேரவைக்காக வாக்குச்சாவடிக்குச் சென்றன. பத்து ஆண்டுகளுக்குள், குடியிருந்த வீட்டை மாற்றாமலேயே, சத்தியவேட்டு வாக்காளர் வேறு மாநிலத்தின் வாக்காளராகிவிட்டார்.

இரண்டாவது கோடு: 2008

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் 2008இல் வெளியான தொகுதி மறுவரையறை ஆணை, காலி முத்துகிருஷ்ணம நாயுடுவைப் பலமுறை பேரவைக்கு அனுப்பிய புத்தூர் தொகுதியையே வரைபடத்திலிருந்து நீக்கியது. புத்தூர் நகரம் நகரி தொகுதியுடன் சேர்க்கப்பட்டது. அதன் வாசலில் உள்ள நாராயணவனமோ மலைக்கு அப்பால் உள்ள சத்தியவேடு தொகுதியில் இடம்பெற்றது. அன்றாட வாழ்க்கை ஒரு நகரத்தோடும், அரசியல் பிரதிநிதித்துவம் வேறொரு ஊரோடும் என்ற நிலை இதனால் ஏற்பட்டது. மக்கள்தொகையைச் சமன் செய்யும் கணக்கில் இத்தகைய பிரிவுகள் தவிர்க்க இயலாதவைதாம். ஆயினும் அதன் சுமை விளிம்பில் உள்ள மண்டலத்தின் மீதே விழுகிறது.

வென்றவர்கள்

சத்தியவேடு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 1999இல் தெலுங்கு தேசம் கட்சியின் சார்பில் திரைப்பட நடிகரும் மருத்துவருமான என்.சிவபிரசாத் வென்று அமைச்சராகவும் பணியாற்றினார். பின்னர் சித்தூர் மக்களவை உறுப்பினராகி, ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கோரி நாடாளுமன்ற வளாகத்தில் விதவிதமான வேடங்கள் அணிந்து போராடியவர் இவரே. 2019 செப்டம்பரில் காலமானார். 2004இல் காங்கிரசின் கே.நாராயணசுவாமி வென்றார். அவர் பிற்காலத்தில் கங்காதர நெல்லூர் தொகுதிக்கு மாறி, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆட்சியில் துணை முதல்வரானார்.

2009இல் தெலுங்கு தேசத்தின் ஹேமலதா, 2014இல் அதே கட்சியின் தலாரி ஆதித்யா, 2019இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் கோனேட்டி ஆதிமூலம் எனப் பிரதிநிதிகள் மாறினர். 1999 முதல் நடந்த ஆறு பேரவைத் தேர்தல்களில் ஐந்தில் மாநிலத்தில் ஆட்சியமைத்த கட்சியே இங்கும் வென்றுள்ளது. காங்கிரஸ் ஆட்சியைத் தக்கவைத்த 2009 மட்டுமே விதிவிலக்கு.

2024 தேர்தல் தனியாகக் கவனிக்கத்தக்கது. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னதாக, ஆதிமூலத்தைத் திருப்பதி மக்களவைத் தொகுதிக்கு மாற்றவும், மக்களவை உறுப்பினர் குருமூர்த்தியைச் சத்தியவேடு தொகுதிக்குக் கொண்டுவரவும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தலைமை முடிவு செய்தது. இதை ஏற்க மறுத்த ஆதிமூலம் தெலுங்கு தேசத்துக்குச் சென்றார். அதன்பின் குருமூர்த்தி மீண்டும் மக்களவைக்கே அனுப்பப்பட்டார். சத்தியவேட்டில் நூக்கதோட்டி ராஜேஷ் நிறுத்தப்பட்டார். பதவியைவிடத் தொகுதி முக்கியம் என ஒரு சட்டமன்ற உறுப்பினர் கருதியதும், ஒதுக்கீட்டுத் தொகுதிகளின் வேட்பாளர்களை இடம் மாற்றுவது கட்சித் தலைமைகளுக்கு எத்தனை எளிதாகத் தோன்றுகிறது என்பதும் இதில் ஒருசேர வெளிப்பட்டன.

அத்தேர்தலில் தெலுங்கு தேசம், ஜன சேனா, பாஜக கூட்டணி 175 இடங்களில் 164ஐக் கைப்பற்றியது. அவ்வளவு பெரிய அலையிலும் ஆதிமூலத்தின் வெற்றி வித்தியாசம் நான்காயிரம் வாக்குகளைத் தொடவில்லை. கட்சி மாறிய வேட்பாளரிடம் பழைய கட்சியின் வாக்குகள் முழுமையாக வரவில்லை, புதிய கட்சியின் தொண்டர்களும் முழுமனதோடு ஏற்கவில்லை என்றே இந்த எண்ணிக்கையை வாசிக்கத் தோன்றுகிறது.

மக்களவை முடிவு இன்னும் விசித்திரமானது. சத்தியவேடு, திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, கூடூர், சூளூர்பேட்டை, வெங்கடகிரி, சர்வேபள்ளி ஆகிய ஏழு பேரவைத் தொகுதிகளைக் கொண்டது திருப்பதி (தனி) மக்களவைத் தொகுதி. ஏழிலும் கூட்டணியே வென்றது. ஆனால் மக்களவைக்கு ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் குருமூர்த்தி சுமார் 14,500 வாக்குகள் வித்தியாசத்தில் பாஜக வேட்பாளர் வி.வரபிரசாத ராவை வென்றார். இந்த வரபிரசாத ராவ் 2014இல் இதே தொகுதியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் வென்றவர். பல்லி துர்கா பிரசாத்தின் மறைவால் 2021இல் நடந்த இடைத்தேர்தலில் குருமூர்த்தியின் வித்தியாசம் 2.7 லட்சத்துக்கும் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றாண்டுகளில் நிகழ்ந்த சரிவு புலப்படும்.

மூன்றாவது கோடும் அடுத்ததும்

2022 ஏப்ரல் 4இல் ஜெகன்மோகன் ரெட்டி அரசு ஆந்திரத்தின் 13 மாவட்டங்களை 26 ஆக்கியபோது, சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் உருவானது. சத்தியவேடு தொகுதி முழுவதும் அதில் சேர்ந்தது. 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாராயணவனம், 111 ஆண்டுகளுக்குப் பிறகு மாவட்டம் மாறியது. ஆட்சியர் அலுவலகம் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நெருங்கி வந்ததால் இந்த மாற்றம் ஊருக்கு வசதியாகவே அமைந்தது. சட்டப்பேரவைத் தொகுதியின் எல்லை மட்டும் 2008இல் வரையப்பட்டபடியே நீடிக்கிறது.

2014ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம், மாநிலப் பேரவை இடங்களை 175இலிருந்து 225ஆக உயர்த்த வழிவகுக்கிறது. எனினும் 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை தொகுதி எல்லைகளைத் தொடக்கூடாது என்ற அரசமைப்புச் சட்டத்தின் 170ஆவது பிரிவு அதற்குத் தடையாக உள்ளது. உடனடி மறுவரையறை கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது. மத்திய அரசு அறிவித்துள்ள 2027 கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியான பின்னரே, ஏழு மண்டலங்கள் ஒன்றாக நீடிக்குமா, நாராயணவனம் மீண்டும் புத்தூருடன் ஒரே தொகுதியில் சேருமா என்பது தெரியவரும்.