சிங்கமும் சிங்ஙமும்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே திங்களுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஆகஸ்டு நடுவில் பிறக்கும் அத்திங்களைப் பாட்டி ‘ஆவணி’ என்பாள். பள்ளிக்குச் செல்லும் பேரன் ‘சிங்ஙம்’ என்பான். முன்னது தமிழ், பின்னது நமக்கு அயலான சொல் என்றே நம் பிள்ளைகள் எண்ணி வளர்கின்றனர். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

கதிரவன் சிம்மராசியில் உலவும் காலமே இத்திங்கள். நாண்மீன் பெயரால் திங்களை அழைப்பது இன்றைய தமிழ் வழக்கு. இராசிப் பெயரால் அழைப்பது கேரள வழக்கு. ஆயினும் இராசிப் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘சிம்ம நாயற்று’, ‘கன்னி நாயற்று’ என்று திங்களைக் குறித்திருப்பதைக் காணலாம். நாயறு என்பது ஞாயிறே. அதுபோலவே கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டும் மலையாளிகளுக்கு மட்டும் உரியதன்று; திருநெல்வேலிச் சீமையிலும் அது வழங்கியது. வடகேரளத்தார் கன்னியில் ஆண்டைத் தொடங்க, தென்கேரளத்தாரும் நெல்லைத் தமிழரும் சிம்மத்தில், அதாவது ஆவணியில், தொடங்கினர். அக்கணக்கின்படி 1200-ஆம் ஆண்டு 2024 ஆகஸ்டில் பிறந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். வடமொழியில் ‘ஸிம்ஹ’ என்பது மூலம். பாலியில் அது ‘சீஹ’ என மெலிந்தது. தமிழ் இம்மூலத்தை இருவழியாக ஏற்றுக்கொண்டது. பாகத மொழிகளின் ‘சீஹ’ என்னும் வடிவம் ஹகரம் கெட்டு, யகர உடம்படுமெய் பெற்றுச் ‘சீயம்’ ஆயிற்று. ‘ஸிம்ஹ’ என்பதன் மெல்லெழுத்தும் ஹகரமும் இணைந்து ‘ங்க’ எனத் திரண்டு ‘சிங்கம்’ ஆயிற்று. பஞ்சாபியரின் ‘சிங்’ என்னும் பெயரும் இம்மூலத்தின் வழியினதே. ஆப்பிரிக்கச் சுவாகிலி மொழியில் சிங்கத்தைச் ‘சிம்பா’ என்பர். கேட்டவுடன் உறவு கொண்டாடத் தோன்றும். ஆனால் அது பாண்டு மொழிக் குடும்பத்துச் சொல். ஒலி ஒப்புமை தற்செயலே.

மலையாளத்தில் விலங்கின் பெயர் ‘ஸிம்ஹம்’. திங்களின் பெயர் மட்டும் ‘சிங்ஙம்’. ஒரே சொல்லுக்கு இரண்டு உருவம் வந்தது எங்ஙனம்? நம் ‘மாங்காய்’ அங்கே ‘மாங்ங’. நம் ‘தேங்காய்’ அங்கே ‘தேங்ங’. ‘நாங்கள்’ என்பது ‘ஞங்ஙள்’. ‘ங்க’ என்பது ‘ங்ங’ ஆவது அம்மொழியின் இயல்பு. ஆகவே ‘சிங்ஙம்’ தோன்றுவதற்கு முன் ‘சிங்கம்’ என்னும் தமிழ் வடிவம் இடையில் நின்றிருத்தல் வேண்டும். விலங்கின் பெயரைக் கற்றோர் பின்னர் நூல்வழி வடமொழி உருவிலேயே மீண்டும் கொணர்ந்தனர். உழவரும் வணிகரும் நாள்தோறும் எண்ணிய திங்களின் பெயரோ பழைய உருவிலேயே தங்கிவிட்டது. மூலம் வடமொழியே, அதை மறைப்பது தமிழுக்குப் பெருமையாகாது. ஆனால் பேரன் நாவில் உள்ள அச்சொல் தமிழ் வீட்டின் வழியாகவே அங்குச் சென்றது. மொழி முதற்கண் அவன் அழுத்தி ஒலிக்கும் சகரமும், ஸகரமாக மெலியாத நம் பழைய சகர ஒலியே.

சிங்கம் தென்கோடியில் வாழ்ந்த விலங்கன்று. இந்நாளில் இந்தியாவில் அது காடுறைவது குசராத்தில் கீர்க்காட்டையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் ஒட்டியே. 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள். எனினும் கண்ணாற் காணாத அவ்விலங்குக்குத் தமிழில் பெயர்கள் பல: மடங்கல், ஆளி, கோளரி, அரிமா. இவற்றுள் ‘அரி’ குறித்துப் புலவரிடையே வழக்குண்டு. அழித்தல் என்னும் பொருளுடைய தமிழ் வேரினது என்பார் ஒரு சாரார். பழுப்பு நிறத்தைக் குறிக்கும் ‘ஹரி’ என்பதன் திரிபு என்பார் மற்றொரு சாரார். வடமொழியிலும் ‘ஹரி’ சிங்கத்தைக் குறிப்பதால் பின்னவர் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. எதுவாயினும் ‘அரியணை’ நம் வழக்கில் நிலைத்துவிட்டது. நன்னூலார், முன்னும் பின்னும் நோக்கும் சூத்திர நிலைக்கு ‘அரிமா நோக்கம்’ என்றே பெயரிட்டார். லயன்ஸ் கிளப்பும் தமிழகத்தில் ‘அரிமா சங்கம்’ ஆகிவிட்டது!

மன்னர் பெயர்களைச் சொல்லப் புகுந்தால் விரியும். சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன், இராசசிம்மன் எனப் பல்லவர் பலர் இப்பெயரை விரும்பிச் சூடினர். தூண்களின் அடியிலும் சிங்கத்தையே அமர்த்தினர். நம் நகரில் பத்மநாபசுவாமி கோயிலினுள்ளும் நரசிம்மமூர்த்திக்குத் தனிச் சன்னிதி உண்டு.

ஊர்ப்பெயர்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இரயிலில் சிங்கப்பெருமாள் கோயில் நிலையம் வரும். அங்கு நரசிம்மர் குடைவரையில் வீற்றிருப்பதால் அப்பெயர் மெய்ப்பெயர். சிறிது தொலைவில் செங்கற்பட்டு. ஆங்கிலேயர் அதனைச் ‘சிங்கிள்புட்’ என எழுதியதைக் கொண்டு அங்கும் சிங்கத்தைத் தேடுதல் கூடாது. அவ்வூர்ப் பெயர் செங்கழுநீர்ப் பூவினின்றும் வந்தது என்பர்.